வெயிலில் பார்க்க வேண்டிய துணி

திருப்பூரில் என் மச்சான் என்னை வரவேற்றது கிரில் கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு. பூட்டு வெளியே தொங்கியது. சாவி அவரிடம் இல்லை.

அதற்கு முன்பே நான் நொந்துபோயிருந்தேன். மலேசியாவில் ஈப்போவிலிருந்து கிளம்பிக் கோவையில் இறங்கி, ரயிலில் வந்து, டவுன் பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் மண்ணரை என்று தெளிவாகத்தான் சொன்னேன். அவரும் தலையாட்டினார். பஸ் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, ஏறிய இடத்துக்கே திரும்பி வந்து நின்றதும் என் தோளைத் தட்டி, "ஏனுங்க, நீங்க இன்னும் எறங்கலீங்களா?" என்று என்னையே கேட்டார். நான் தூங்கிவிட்டேன். அறுபதைத் தாண்டிய உடம்பு சாய்ந்த இடத்தில் எல்லாம் தூங்குகிறது, படுத்தால் மட்டும் தூங்க மாட்டேன் என்கிறது. கடைசியில் ஒரு ஆட்டோவைப் பிடித்து வந்து சேர்ந்தேன்.

"வாங்க மாப்ளே, வாங்க" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் காதர் மச்சான். என் அக்காவின் கணவர். அக்கா மௌத்தாகி வெகுநாள் ஆகிறது. மகன் சலீமோடும் மருமகள் ரஹ்மத்தோடும் இருக்கிறார்.

"கேட்டைத் தொறங்க மச்சான், முழங்கால் போயே போச்சு."

"சாவி இல்லீங்களே. புள்ளைங்க ரெண்டு பேரும் பூட்டிட்டு வேலைக்குப் போயிட்டாங்க. சாயங்காலம் கம்பெனி வேன் வந்தாத்தான். பக்கத்து ஊட்ல ஒரு சாவி இருக்குது. அவிகளும் ஷிப்டுக்குப் போயிட்டாங்க."

அவர் உள்ளே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் வெளியே படியில் பெட்டிமேல் உட்கார்ந்தேன். தண்ணீர் கேட்டால் சொம்பு கம்பிக்குள் நுழையவில்லை. நான் கையைக் குவிக்க, அவர் உள்ளிருந்து ஊற்றினார். பாதி சட்டையில் போயிற்று. வாழைப்பழம் மட்டும் சிரமமில்லாமல் வந்து சேர்ந்தது. தெருவில் போன ஒருவர் வண்டியை நிறுத்தி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

போன வருஷம் கறி வாங்கப் போன மச்சான், வந்த டூவீலருக்கு ஒதுங்கப்போய்ச் சாக்கடை ஓரம் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அன்றிலிருந்து இந்தப் பூட்டு. எலும்பு கூடிவிட்டது, பூட்டு மட்டும் இருக்கிறது. ஒரு காலத்தில் பனியன் துணி வாங்கி விற்றவர். சாயப்பட்டறைக்கும் கம்பெனிக்கும் இடையே ஓடிக்கொண்டே இருந்த மனிதர். இப்போது அந்தக் கால்கள் குச்சியாகிவிட்டன. முகம், பகலெல்லாம் எரியும் டியூப் லைட்டின் வெளுப்பில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துப் பட்டறையின் சுவர்தான். நான் ஊருக்குத் திரும்புவதற்குள் இந்த மனிதரைக் கேட்டுக்கு வெளியே நடக்க வைத்துவிட வேண்டும் என்று அந்தப் படியிலேயே நினைத்துக்கொண்டேன்.

ரஹ்மத் வேனிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவுக்கு சூப்பர்வைசர். நாளெல்லாம் நின்ற கால் என்பது நடையிலேயே தெரிந்தது. "அய்யோ மலேசியா மாமா, போன் பண்ணக் கூடாதுங்களா!" என்று பூட்டைத் திறந்தாள். வந்த கையோடு தேங்காய்ச் சோறும் கறிக்குழம்பும் செய்து வைத்தாள். மச்சான் இரண்டு வாய் உண்டுவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

"பாத்துக்கங்க மாமா. இதுதான் தினமும். உண்ண மாட்டாரு. பகலெல்லாம் டிவி முன்னால தூங்குவாரு, ராத்திரி ஊட்டுக்குள்ளயே நடப்பாரு. தூக்க மாத்திரை குடுத்தா என்னையத் திட்டுவாரு. நானும் மனுசிதானுங்க" என்றாள். அவள் குரலில் கோபத்தைவிடக் களைப்புத்தான் அதிகம். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் வந்த வேலையைச் சொல்ல வேண்டும். ஈப்போவில் எனக்கு ஒரு சின்னத் துணிக்கடை. எங்கள் பேட்டைப் பூங்காவில் விடிகாலையில் பெரியவர்கள் கூட்டமாக உடற்பயிற்சி செய்வார்கள். பெரும்பாலும் சீனர்கள். ஒரு ரேடியோவை மரத்தடியில் வைத்துவிட்டுக் கையை வீசுவார்கள், மூச்சை இழுத்து விடுவார்கள், முடிந்ததும் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவார்கள். என் அப்பா வயதில் ஒருவர், என்னைவிட நிமிர்ந்து நடக்கிறார். அவர்களுக்குத்தான் கரும்பச்சையில் காலர் வைத்த டீ-ஷர்ட். தைத்துத் தருவது திருப்பூர். அங்கே கிழவர்கள் வெயிலில் கையை வீசுவதற்கு இங்கே சட்டை தைக்கிறார்கள், தைக்கிற ஊரின் கிழவர் கேட்டுக்குள் கிடக்கிறார். நானும் அந்தப் பூங்காவுக்குள் ஒரு நாளும் போனதில்லை என்பது வேறு விஷயம், கடை திறக்க வேண்டுமே!

மறுநாள் அந்தச் சட்டைகளைத் தைக்கும் கம்பெனிக்குப் போனேன். மேனேஜர் செந்தில் என்கிற இளைஞர் உட்கார வைத்து டீ கொடுத்த விதத்திலேயே ஏதோ கோளாறு என்று புரிந்துவிட்டது. சட்டை உடம்பு ஒரு பச்சை, காலர் வேறு பச்சைபோலத் தெரிந்தது. இரண்டும் தனித்தனியாகச் சாயம் போட்டு வருவது.

"லைட் பாக்ஸ்ல பாஸ் ஆயிருச்சுங்க சார். ஷேடு ஓகேங்க. நீங்க ஒரு அப்ரூவல் மட்டும் குடுத்தீங்கன்னா பேக்கிங் போயிரலாமுங்க."

நிறம் ஒத்துப்பார்க்கும் அந்த விளக்குப் பெட்டிக்குள் வைத்தால் ஒன்றாகத் தெரிந்தது. வெளியே எடுத்தால் சந்தேகமாக இருந்தது. என் கண்ணை நானே நம்பாத நிலையில் இருந்தேன். நாளைக்குச் சொல்கிறேன் என்று, உடம்புத் துணியில் ஒரு துண்டும் காலரில் ஒரு துண்டும் வாங்கிக்கொண்டேன். பக்கத்து மெஸ்ஸில் பச்சைப்பயறு கடைந்தது போட்டார்கள். ஊரை விட்டு வந்ததற்கு அது ஒன்றுதான் ஆறுதல். எங்கள் ஊரில் எதைக் கேட்டாலும் எண்ணெயில் பொரித்துத்தான் தருகிறார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது சலீமிடம் பேச்சைத் தொடங்கினேன். ஏற்றுமதி கம்பெனியில் ஷிப்பிங் வேலை, காதில் எப்போதும் போன்.

"உங்க அத்தாவைக் காலையில கொஞ்சம் நடக்கக் கூட்டிட்டுப் போறேன் சலீம்."

"எதுக்குங்க மாமா? மறுபடி விழுந்தார்னா யாரு பாக்கறது?"

"எங்க ஊர்ல இவரைவிட மூத்தவங்க எல்லாம் பூங்காவுக்கு வராங்கப்பா."

"அங்க நடக்கறதுக்கு எடம் இருக்குதுங்க. இங்க ரோட்டுல வண்டி மட்டுந்தான் இருக்குது. சும்மா உலாத்தறதுக்கு எதுக்கு ரிஸ்க்குங்க?"

அவன் சொன்னதில் தப்பில்லை. நான் வந்த வழியிலேயே பார்த்தேன், நடைபாதை என்று ஒன்று கண்ணில் படவில்லை. ஆனால் அவன் சொன்ன 'சும்மா' என்ற சொல் எனக்கு உறைத்தது. இந்த ஊரில் சும்மா வெளியே போகிறவர் யாருமில்லை. விடிந்தால் வேன், இருட்டினால் வேன். வேலை இல்லாமல் தெருவில் நின்றால், உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள்.

நான் பையிலிருந்து பச்சைத் துணியை எடுத்து மேஜைமேல் போட்டேன். "உலாத்தறதுக்கு இல்லப்பா, வேலை. இந்த ஷேடைக் காலை வெயில்ல பாக்கணும். அந்தக் காலத்துல உங்க அத்தா பட்டறை வாசல்ல துணியை வெயில்ல காட்டித்தான் வாங்குவாரு. எனக்கு அவர் பாத்துச் சொன்னாத்தான் நிம்மதி."

சலீம் காதிலிருந்து போனை எடுத்தான். "வேலைன்னா சரிங்க மாமா" என்றான். அவ்வளவுதான். அடப்பாவி, இதற்குத்தானா இவ்வளவு நேரம் பூங்காவைப் பற்றிக் கதையளந்தேன்!

மச்சான் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

காலையில் நான் எழுந்தபோது அவர் வெள்ளைச் சட்டை போட்டு, பையில் பேனா குத்தி, கேட்டுக்குப் பக்கத்தில் தயாராக நின்றார். கல்யாணத்துக்குப் போகிறவர்போல அத்தர் மணத்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். அவர் கால் நடுங்கியது, என் முழங்கால் கிறீச்சிட்டது. யார் யாரைத் தாங்குகிறோம் என்று தெரியாமலே தெருமுனை வரை போய்விட்டோம்.

தெருவைத் தாண்டியதும் வரும் குளத்தங்கரையில் சண்முகத்தாய் என்பவரின் டீ வண்டி நின்றது. தென்காசிப் பக்கத்துக்காரம்மா. கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டி, இடுப்பு போனபிறகு வண்டி போட்டிருக்கிறார். அவருக்கும் அறுபது இருக்கும்.

"பாய் அண்ணாச்சியா! உயிரோடதான் இருக்கியளா? பாத்து ஒரு வருசம் ஆச்சே" என்று சத்தம் போட்டார்.

"வேலை விசயமா வந்தனுங்க" என்றார் மச்சான் கௌரவமாக. துணியை வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றை வைத்து, வெயிலை நோக்கிப் பிடித்தார். சாய்த்தார். தள்ளிப் பிடித்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"வெயில் இன்னும் ஏறோணுங்க மாப்ளே. அவசரப்படக் கூடாது."

சரி என்று கல்மேல் உட்கார்ந்தோம். பக்கத்தில் ஒரு வடநாட்டு இளைஞன் போனில் யாரிடமோ இந்தியில் பேசிக்கொண்டிருந்தான். "அவன் ஆத்தாட்ட பேசுதான். சாப்பிட்டேன், நீ வெயில்ல உக்காந்து எண்ணெய் தேச்சுக்கோங்கான். தெனமும் இதேதான்" என்று சண்முகத்தாய் எங்களுக்குச் சொன்னார். மச்சான் ரசித்துச் சிரித்தார். தண்ணீரில் கொக்கு நின்றது. மச்சான் இரண்டு வடை தின்றார். யார் யார் கம்பெனி கைமாறியது, எந்த வீட்டில் கல்யாணம் என்று சண்முகத்தாயிடம் விசாரித்துத் தீர்த்தார். வெயில் முதுகில் ஏறியது. என் முழங்காலும் கொஞ்சம் சமாதானமாகிவிட்டது, பொய் சொல்வானேன்.

எழுந்தபோது, "ஒரு நாள்ல சொல்லிற முடியாதுங்க. நாளைக்கும் பாக்கோணும்" என்றார். பழைய வியாபாரியின் பிகு என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று இரவு மறுசோறு கேட்டு வாங்கி உண்டார். தூக்க மாத்திரை போடாமலே படுத்துவிட்டார். காலையில் ரஹ்மத், "என்னங்க மாமா பண்ணுனீங்க? குறட்டை சத்தத்துல எனக்குத்தான் தூக்கமில்ல" என்றாள். முகத்தில் சந்தோஷம் இருந்தது.

அன்று காலையில்தான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அரைத் தூக்கத்தில் பையில் கைவிட்டு, காலர்த் துண்டுக்குப் பதிலாக வேறொரு ஆர்டரின் நேவி புளூ துண்டை எடுத்து வந்துவிட்டேன். குளத்தங்கரையில் மச்சான் அதைப் பச்சைமேல் வைத்து வெயிலில் பிடித்தபோதுதான் கவனித்தேன். வாயைத் திறக்கப் போனேன்.

"இன்னைக்கு ஒத்துப்போற மாதிரிதான் தெரியுதுங்க மாப்ளே" என்றார் மச்சான்.

பச்சையும் நீலமும். டீ ஆற்றிக்கொண்டிருந்த சண்முகத்தாய் அப்படியே நின்று என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். துண்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

திரும்பும்போது ஒரு டூவீலர் வந்தது. நேர் எதிரேதான் வந்தது. மச்சான் ஒதுங்கவே இல்லை. கடைசி நொடியில் அவரைப் பிடித்து இழுத்தேன். வண்டிக்காரன் திட்டிக்கொண்டே போனான். வீடு வந்து சேரும்வரை அவர் கையை நான் விடவில்லை. இரண்டு நாளாய்க் கண் தெரியாத ஒரு மனிதரை ரோட்டில் நடத்திக் கூட்டிப் போயிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அன்றைக்கே கம்பெனிக்குப் போய் காலரையும் உடம்பையும் நானே வாசலில் வெயிலில் வைத்துப் பார்த்தேன். காலரின் பச்சையில் மட்டும் மஞ்சள் அடித்தது. மறுபடி சாயம் போடச் சொன்னேன். செந்தில், "டிலே ஆகுமுங்க சார்" என்று பெருமூச்சு விட்டார். ஆகட்டும் என்று வந்துவிட்டேன். என் மனசு துணியில் இல்லை.

அடுத்த காலை குளத்தங்கரைக்கு ஆட்டோவிலேயே போனோம். கால்வலி என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்ததும் கேட்டுவிட்டேன்.

"மச்சான், கண் எப்போலருந்து இப்படி?"

அவர் துணியை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார். "நேத்து நீங்க இழுத்தப்பவே நெனச்சனுங்க, தெரிஞ்சிருச்சுன்னு. கண்ணு மங்கி ரொம்ப நாளாச்சு. அன்னைக்குச் சாக்கடைல விழுந்ததே அதனாலதானுங்க."

"வீட்டுல சொல்ல வேண்டியதுதானே?"

"கை ஒடைஞ்சதுக்கே ஒரு பூட்டுப் போட்டாங்க. கண்ணும் தெரியலைன்னா இன்னொண்ணு போட மாட்டாங்களா? ஆஸ்பத்திரிக்குப் போனா உண்மை வெளிய வந்துருமுங்க."

"அப்ப இந்த ஷேடு?"

"எனக்கு எல்லாம் ஒரே புகையாட்டந்தான் தெரியுது. ஆனா இங்க வந்தா வெயில் முதுகுல படுது. தண்ணி வாசம் வருது. நாலு மனுசங்க பேர் சொல்லிக் கூப்புடறாங்க. ரெண்டு நாளு நாந் தூங்குனனுங்க மாப்ளே. ஊட்ல மட்டும் சொல்லிப்போடாதீங்க."

எழுபதைத் தாண்டிய மனிதர், பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் பிடிபட்டவர்போலக் கெஞ்சினார். எனக்கு அழுகை வந்தது. சண்முகத்தாய் இரண்டு டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்களைப் பார்க்காமல் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் வாக்குக் கொடுக்கவில்லை. சொன்னால் பூட்டு நிரந்தரம், சொல்லாவிட்டால் நான் போனபிறகு அவர் வெளியே வரும் ஒரு நாளில் ஏதாவது ஒரு வண்டி. பகலெல்லாம் யோசித்து மண்டை காய்ந்துபோயிற்று. சாயங்காலம் வேனிலிருந்து இறங்கிய ரஹ்மத்தை வாசலிலேயே நிறுத்திச் சொல்லிவிட்டேன்.

அவள் அதிர்ச்சியடைவாள் என்று நினைத்தேன். அவள் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

"தெரியுமுங்க மாமா. சட்டையத் திருப்பிப் போட்டுட்டு நிக்கறாரு, டீயில உப்பப் போட்டுக் குடிக்கறாரு, தெரியாதுங்களா? அதுக்காகத்தான் பூட்டறது. கண் ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா, கண்ணு நல்லாத்தான் இருக்குதுன்னு சண்டைக்கு வராரு. பெரியவரு மொகத்துக்கு நேரா, உங்களுக்குக் கண்ணு தெரியலைன்னு எப்பிடிங்க சொல்றது?"

இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு, நடுவில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பூட்டினதாலதான் அவர் வர மாட்டேங்கறாரு. கண்ணைச் சரி பண்ணினா வெளிய போகலாம்னு தெரிஞ்சா வந்துருவாரும்மா. அதுவரைக்கும் யாராவது கூட இருந்தாப் போதும்."

அவள் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு குளத்தங்கரைப் பக்கம் போய்விட்டு வந்தாள்.

நான் கிளம்பும் நாள் விடிந்தது. பெட்டியை வாசலுக்கு இழுத்து வந்தபோது கேட்டுக்கு வெளியே சண்முகத்தாயின் வண்டி நின்றது. மச்சான் வெள்ளைச் சட்டையோடு உள்ளே நின்றார். என் முகத்தைத் தேடினார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

"பாய் அண்ணாச்சி, எனக்கு இடுப்பு ஏலல. தெனமும் குளம் வரைக்கும் வண்டியில ஒரு கை புடிச்சுட்டு வாரியளா? பால் வாங்கத் திரும்பி வரும்போது நானே கொண்டாந்து விட்டுருதேன்" என்றார் சண்முகத்தாய்.

மச்சான் மருமகளின் பக்கம் திரும்பினார். ரஹ்மத் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு துணித் துண்டுகளை அவர் கையில் வைத்தாள்.

"மாமா, எங்க கம்பெனில ஒரு ஷேடு கம்ப்ளெயிண்ட்டுங்க. ரெண்டும் ஒத்துப்போகுதான்னு வெயில்ல பாத்துச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை லீவு சொல்லிட்டேன், கண் ஆஸ்பத்திரிக்குப் போறோம். அப்பறம் இன்னும் நல்லாப் பாக்கலாம்."

மச்சான் விரல்களால் துணியைத் தடவினார். நானும் பார்த்தேன். இரண்டும் ஒரே தலையணை உறையிலிருந்து அப்போதுதான் கத்தரித்தவை. தையல் ஓரம்கூட இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் விரல் அந்த ஓரத்தில் போய் நின்றது. காலமெல்லாம் துணியோடு கிடந்த விரலுக்கு அது தெரியாமல் இருக்குமா?

என் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். மச்சான் படி இறங்கி, ஒரு கையால் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். மறு கையால் இரண்டு துண்டுகளையும் வெயிலில் தூக்கிப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஒண்ணாட்டந்தான் தெரியுதும்மா. ஆனா ஒரு நாள்ல சொல்லிற முடியாது. நாளைக்கும் பாக்கோணும்."

"சரிங்க மாமா. நாளைக்கும் பாருங்க" என்று ரஹ்மத் பூட்டைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, சாவியை அவர் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் போட்டாள்.